பொதுச் சலவைக்கு வந்த முதல் சட்டை

மணியைக் கைக்கு எட்டும் தூரத்திலும் கருணையைச் சற்றுத் தள்ளியும் வைத்துக்கொண்டு இந்த அவையை ஆளுகின்ற தலைவர், ஆணி முதல் அரம் வரை அள்ளி அள்ளித் தருகின்ற, காசு வாங்கிக்கொண்டுதான் தருகின்ற, இரும்புக்கடை அண்ணன் அவர்களே! அழைப்பிதழில் என்னைத் 'தையற்கலை வேந்தர்' என்று அச்சடித்து, என் வாடிக்கையாளர்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த செயலாளர் தம்பி அவர்களே! வெயிலிலும் மழையிலும் வியாபாரம் பார்த்து, வெண்முடியோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! கல்லாவை ஒரு கையிலும் கைக்குழந்தையை மறு கையிலும் சமாளித்து, இரண்டையும் அழவிடாமல் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே! 

தோழர்களே என்றதும் ஏனய்யா அப்படித் திரும்பிப் பார்க்கிறீர்கள்? நல்ல தமிழ்ச் சொல் அது. யாரோ சிலர் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள் என்பதற்காக நாம் அதை விட்டுவிட முடியுமா? உங்கள் எல்லோருக்கும், ஊசி பிடித்துக் காய்த்துப்போன இந்த விரல்களைக் கூப்பி, என் வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

சிறுகடை வணிகர் சங்கத்தின் இந்த ஆண்டு விழாவில் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு 'அரசும் நாமும்'. நான் தையல்காரன். அரசைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் பை. முப்பத்தொரு ஆண்டுகளாகச் சட்டைக்குப் பை வைத்துத் தைக்கிறேன். டாக்டருக்குப் பேனா நிற்கிற ஆழம், பஸ் கண்டக்டருக்குச் சில்லறை தாங்குகிற இரட்டைத் துணி, வாத்தியாருக்குச் சாக்பீஸ் தூள் கொட்டாத மூடி. இத்தனை பை தைத்தவன் கேட்கிறேன்: ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, அரசாங்கம் என் கடைப்படி ஏறி வந்து, 'எனக்கு ஒரு பை தைத்துக் கொடு' என்று அளவு கொடுத்ததுண்டா? இல்லை! ஏன் இல்லை? அரசாங்கத்துக்குச் சட்டை இல்லை. சட்டை இல்லாதவனுக்குப் பை ஏது? பை இல்லாத கை எங்கே போகும்? பக்கத்தில் நிற்பவன் பைக்குத்தான் போகும்!

கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் தட்டும்போது ஒரு கையால் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் தட்ட முடியாது என்கிறீர்களா? அதற்காகத்தான் ஐயா, அரசாங்கத்தார் நம்மை அடிக்கடி கைதட்டச் சொல்கிறார்கள்!

தத்துவம் போதும், நடந்த கதைக்கு வருகிறேன். என் தையல் கடைக்கு அடுத்த கடை என் அக்காவின் சலவைக்கடை. எட்டடி அகலம், இருபதடி நீளம். முன்னால் இரண்டு தேய்ப்பு மேசை, நடுவில் வெந்நீர் கொதிக்கும் அண்டா, பின்னால் முற்றத்தில் பதினான்கு கொடி. அலமாரியில் காகிதம் சுற்றிய மூட்டைகள் பள்ளிப்பிள்ளைகள் போல வரிசையாக உட்கார்ந்திருக்கும். அக்காவோடு இப்போது மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நான்கு வீட்டு அடுப்பு அந்த ஒரு கடையால் எரிகிறது.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. ரசீதில் எண் எழுத மாட்டாள். ஒவ்வொருவர் துணியிலும் காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலால் ஒரு குறி போடுவாள். டாக்டருக்கு இரண்டு புள்ளி. வாத்தியாருக்கு ஒரு கோடு. பேக்கரிக்காரருக்கு முக்கோணம். குறி என்றால் ஆள் மட்டுமல்ல; அவர் துணியை எப்படித் துவைக்க வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கிவிடும். அந்தப் பாஷை அக்காவுக்கும் அவள் கடையில் வேலை பார்த்தவர்களுக்கும் மட்டுமே தெரியும். பித்தான் அறுந்திருந்தால் அவளே தைத்துவிடுவாள். என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாளே என்று நான் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தெருவுக்குள் வந்து சேர்ந்தது ஒரு சொல். தேனில் தோய்ந்த சொல், தெவிட்டாத சொல், கேட்ட மாத்திரத்தில் கிழவனையும் குமரனாக்கும் சொல். என்ன சொல்? அதோ, பின்வரிசை அம்மா சரியாகச் சொல்லிவிட்டார்கள். இலவசம்!

அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் எங்கள் நகர்மன்ற உறுப்பினர். அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. வாய் திறந்தால் சமத்துவம், கொட்டாவி விட்டாலும் சமத்துவம் என்பதால் ஊரே அவருக்குச் 'சமத்துவம்' என்றே பெயர் வைத்துவிட்டது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பேசினால் மரம்கூடத் தலையாட்டும். தெருமுனையில் கூட்டம் போட்டார். "பணக்காரன் சட்டை மட்டும் வெளுக்கலாமா? பாட்டாளி சட்டை அழுக்கா இருக்கலாமா? எல்லாத் துணியும் ஒரே தொட்டியில! எல்லாருக்கும் ஒரே வெளுப்பு! அரசே நடத்தும் இலவசப் பொதுச் சலவையகம்! வேணுங்கிறவங்க கை தூக்குங்க!"

தூக்கினோம். தெருவே தூக்கியது. என் அருமைச் சங்கத்தாரே, மறைக்காமல் சொல்கிறேன், நானும் தூக்கினேன். ஒரு கையில்லை, இரண்டு கை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவும் சேர்ந்து ஆடியது. பக்கத்தில் நின்ற அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மறுவாரம் அறிவிப்பு ஒட்டினார்கள். முதல் பத்தி முழுக்க வசந்தம். கடைசி வரியில் இருந்தது வில்லங்கம். 'பொதுச் சலவையகம் திறக்கப்படும் நாளில், மக்கள் ஒப்புதலோடு, இப்பகுதியில் உழைப்பைச் சுரண்டும் தனியார் சலவைக்கடைகளின் உரிமம் ரத்து செய்யப்படும்.' எங்கள் பகுதியில் தனியார் சலவைக்கடை எத்தனை? ஒன்றே ஒன்று. சுரண்டுகிறவள் யார்? காலை ஐந்து மணிக்கு அண்டாவில் தண்ணீர் ஊற்றுகிற என் அக்கா!

அக்கா அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு என் கடைக்கு வந்தாள். "நீயும் கை தூக்குனியாடா?" என்று கேட்டாள். நான் தையல் மிஷினை வேகமாக மிதித்தேன். "சத்தத்துல சரியா கேக்கலக்கா" என்றேன். மிஷினில் அப்போது துணியே இல்லை.

அதன் பிறகு நடந்த திருப்பணியைக் கேளுங்கள். முதலில் ஒரு குழு. துணி எப்படித் துவைக்கிறார்கள் என்று ஆராய ஐந்து பேர், குடும்ப சமேதராக, கோடை விடுமுறையில், குளிர்ந்த மலையூர் ஒன்றுக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வந்தார்கள். அறுபது பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தார்கள். நான் வாங்கிப் படித்தேன். அதன் சாரம் இது: 'அங்கும் துணி கொடியில்தான் காய்கிறது.' 

பிறகு கட்டடம். கூரை வருவதற்கு முன்னால் பெயர்ப்பலகை வந்தது. தண்ணீர்க் குழாய் வருவதற்கு முன்னால் மேற்பார்வையாளர்கள் வந்தார்கள், பதினோரு பேர். மேற்பார்க்கிறார்கள், கீழ்ப்பார்க்கிறார்கள், பக்கவாட்டில் பார்க்கிறார்கள். துவைக்க மட்டும் ஆளில்லை. இந்தக் கட்டடத்துக்கு ஆணியும் போல்ட்டும் சந்தை விலையைப் போல் ஒன்றரை மடங்குக்கு விற்ற வியாபாரி ஒருவர், அரசாங்கம் வீண் செலவு செய்கிறது என்று நம் சங்கத்தில் அழகாகப் பேசுவார். அவர் யார் என்று நான் சொல்லவே...

தலைவரே, மணி அடிக்காதீர்கள்! பதினைந்து நிமிடம் இன்னும் ஆகவில்லை. நான் யாரையும் குறிப்பிடவில்லை. நீங்களாக மணி அடித்தால் நான் என்ன செய்வேன்?

கடைசியில் துவைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டுமே என்று தேடினார்கள். எங்கே தேடினார்கள்? எங்கள் அக்கா கடையில்! அங்கே ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவர் ஒருவர், நாற்பது வயதுக்காரர். எந்நேரமும் துணிக்கு நீலம் போட்டு விரலெல்லாம் நீலமாகிப்போனதால் 'நீலம்' என்றே கூப்பிடுவோம். சொன்னால் சொன்னதைச் செய்வார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அரசு வேலை, சீருடை, தொப்பி என்றதும் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்து நின்றார். அக்கா, "போப்பா, நல்லா இரு. துணிய மட்டும் அடிச்சுக் கிழிச்சிடாதே" என்று அனுப்பி வைத்தாள். துவைக்கிற துறையில் துவைக்கத் தெரிந்த அந்த ஒரே மனிதருக்கு அவர்கள் தந்த வேலை என்ன தெரியுமா? பதிவேடு எழுதுவது!

திறப்பு விழா நாளும் வந்தது. பந்தல், ரிப்பன், ஒலிபெருக்கி. அன்றைய நிகழ்ச்சி நிரலில் இரண்டே இரண்டு. ஒன்று, முதல் துணியைப் பெற்றுக்கொள்வது. இரண்டு, கடைகளை மூட மக்கள் கைதூக்கி ஒப்புதல் தருவது. அக்கா கூட்டத்தின் கடைசியில், கடையின் சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். மூன்று பெண்களும் அவள் பின்னால் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே முகமில்லை.

முதல் துணியாக ஒரு மேசை விரிப்பு வாங்குவதாக ஏற்பாடு. மேசை விரிப்பு வரவில்லை. ஏன்? அதற்கான ஃபைலில் இன்னும் மூன்று கையெழுத்து பாக்கி. பதினோரு மேற்பார்வையாளர்களும் ஒருவரை ஒருவர் மேற்பார்த்துக்கொண்டார்கள். சமத்துவம் பார்த்தார். கூட்டம் காத்திருக்கிறது, கேமரா காத்திருக்கிறது. மனிதருக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. "மேசை விரிப்பு எதுக்கு? மக்களுக்காக என் சட்டையையே கழட்டித் தரேன்! என் சட்டையும் உங்க சட்டையும் ஒரே தொட்டியில புரளட்டும்!" என்று முழங்கினார். முழங்கிக்கொண்டே பித்தானைக் கழற்றினார். பால் வெள்ளைச் சட்டை! மடிப்புக் கலையாத சட்டை! அதை அப்படியே உருவி நீலத்தின் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு கும்பிட்டு நின்றார். என்ன கைதட்டல் என்கிறீர்கள்! நான்கூட ஒரு கணம் கண் கலங்கிவிட்டேன்.

இங்கேதான் வருகிறது விதி பதினான்கு. பொதுச் சலவையகத்துக்கு வரும் ஒவ்வொரு துணியின் விவரத்தையும், மக்கள் அறிய, உரக்கப் படித்தே பதிய வேண்டும். இது வெளிப்படைத்தன்மைக்காகச் சமத்துவம் தம் கையாலேயே எழுதிய விதி. நீலம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மைக்கைப் பிடித்தார். படிவத்தை விரித்தார்.

"முதல் துணி. சட்டை ஒண்ணு. நிறம் வெள்ளை. பித்தான் ஏழு. ஏழும் இருக்கு. கிழிசல் இல்ல. கஞ்சி நல்ல மொடமொடப்பு. இதுக்கு முன்னாடி போட்ட சலவைக் குறி..." என்று காலரைத் திருப்பினார். முகம் மலர்ந்தது. பழைய சிநேகிதரைப் பார்த்தவர் மாதிரி மலர்ந்தது. "இருக்கு! சிவப்பு நூலு. வட்டம், நடுவுல புள்ளி."

சமத்துவத்தின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ பொதுவுடைமையாகிவிட்டது. மைக்கைக் கையால் மூடினார். "போதும்ப்பா. மீதிய அப்புறம் எழுதிக்கலாம்."

கை மூடினால் மைக் மூடுமா? ஊருக்கே கேட்டது. நீலம் பணிவாகச் சொன்னார்: "முடியாதுங்க தோழர். எல்லாக் கட்டத்தையும் நிரப்பலேன்னா துணிய வாங்கக் கூடாதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அடுத்த கட்டம், குறியின் பொருள்."

தாய்மார்களே, பெரியோர்களே, ஒன்பது ஆண்டுகள் அந்தக் குறியைப் பார்த்துப் பார்த்துத் துவைத்த மனிதர், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், ஒலிபெருக்கியில் படித்தார்:

"தனியாகத் துவைக்கவும். கண்ட ஜனங்க துணியோட கலக்கக் கூடாது. தனித் தண்ணி, தனி வாளி. தேய்க்கிறதுக்கு முன்னாடி பெட்டியத் துடைக்கணும். காசு கூட ஆனாலும் பரவாயில்ல. வாடிக்கையாளரோட கண்டிப்பான உத்தரவு." பிறகு தலையை நிமிர்த்தி, உதவி செய்கிற எண்ணத்தில், "இந்தக் குறி ஊருக்கே ஒருத்தருக்குத்தாங்க போடுவோம். பின்வாசல் வழியா வரும்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று எங்கள் தெரு சிரித்த சிரிப்பில் பாதிகூட இல்லை இது. எல்லாத் துணியும் ஒரே தொட்டியில் என்று முழங்கிய முரசு! எல்லாருக்கும் ஒரே வெளுப்பு என்று இடித்த இடி! ஊருக்குத் தொட்டி, உமக்குத் தனி வாளியா? சுரண்டும் கடை என்று பகலில் பேசிவிட்டு, அந்தக் கடையின் பின்வாசலில்தான் உம்முடைய வெள்ளை வெளுத்ததா? படிப்பது புரட்சி, உடுப்பது இஸ்திரியா? உபதேசம் ஊருக்கா, உடை மட்டும் உமக்கா?

ஆனாலும் மனிதர் அசரவில்லை. நிகழ்ச்சி நிரலில் இரண்டாவது இருக்கிறதே! தொண்டையைச் செருமினார். "தனியார் சலவைக்கடையை மூட ஒப்புக்கொள்றவங்க கை தூக்குங்க" என்றார். எப்போதும் வழிகாட்டுவதற்காகத் தாமே முதலில் தூக்குவது அவர் பழக்கம். பழக்க தோஷத்தில் பனியனோடு வலக்கையை உயரத் தூக்கினார். அக்குளில் ஐந்து விரல் நுழைகிற ஓட்டை! தையல்காரன் கண் வேறெங்கே போகும்? "தோழரே, கிழிஞ்சிருக்கு!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். அவர் சடாரென்று கையை இறக்கினார். அந்தக் கூட்டத்தில் தூக்கியிருந்த கை அது ஒன்றுதான். அதுவும் இறங்கிவிட்டது.

ஒப்புதல் இல்லை, உரிமம் ரத்தும் இல்லை. அழுதுகொண்டிருந்த பெண் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்கா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்கடி, அண்டாவுல தண்ணி காஞ்சிருக்கும்" என்று நடந்தாள்.

பொதுச் சலவையகம் இன்றும் இருக்கிறது. பதினோரு மேற்பார்வையாளர்களும் இருக்கிறார்கள். அரசாங்கத்தில் ஒன்றைத் திறப்பதற்குத்தான் விழா உண்டு, மூடுவதற்கு விழா கிடையாது. அதனால் எதையும் மூடுவதே இல்லை. அங்கே ஒரு சட்டை துவைக்க ஆகும் செலவை எங்கள் கணக்கு வாத்தியார் வகுத்துப் பார்த்தார். இரண்டு புதுச் சட்டையின் விலை வருகிறது. அடப்பாவிகளா, என்னிடம் சொல்லியிருந்தால் அழுக்குச் சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஆளுக்கு ஒரு புதுச் சட்டை தைத்துக் கொடுத்து, மிச்சத்தில் காலரும் மாற்றியிருப்பேனே! யார் வீட்டுப் பணம் இது? விடியுமுன் கடை திறக்கும் உங்கள் பணம்! வியர்வையில் நனையும் உங்கள் பணம்! வாங்கும் சோப்பிலும் வரி, விற்கும் நூலிலும் வரி என்று வருடம் முழுவதும் நீங்கள் கட்டிய பணம்!

இதோடு பேச்சை முடித்தால் நான் நல்லவனாக மேடையை விட்டு இறங்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். நான் வெற்றிவீரன் போல அக்கா கடைக்குள் நுழைந்தேன். "பாத்தியாக்கா, கிழிசலை யார் கண்டுபிடிச்சது?" என்றேன். அக்கா தேய்ப்பை நிறுத்தவில்லை. அவள் தேய்த்துக்கொண்டிருந்தது என் சட்டை.

உங்களில் பலருக்குத் தெரியாது. என் மனைவி இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து என் துணியை அக்காதான் துவைத்துத் தேய்த்து வைக்கிறாள். நான் ஒரு காசு கொடுத்ததில்லை. அவள் கேட்டதுமில்லை.

சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "உனக்குத்தான் ஏற்கெனவே ஓசியாச்சேடா. நீ எதுக்குக் கை தூக்குன?"

முப்பத்தொரு வருஷமாக வாடிக்கையாளர்களுக்குச் சாக்குச் சொல்லிப் பழகிய வாய் இது. 'நாளைக்குத் தரேன், கரண்ட் இல்ல, பித்தான் வரல' என்று நிமிடத்துக்கு ஒன்று சொல்லும். அன்று நான் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அக்காவே சொன்னாள்: "நான் உனக்குத் தோச்சுப் போட்டேன். அது என் கை, என் தண்ணி, என் கூடப்பொறந்தவன். அதுக்குப் பேரு பாசம். ஊரான் பையில புடுங்கி, என் கடையையும் மூடி, உனக்கு ஒருத்தன் தோச்சுப் போடறேன்னா, அதுக்கு என்னடா பேரு?"

அவையோரே, அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் எல்லாம் பெரிய பெரிய பெயர். திட்டம் என்பார்கள், புரட்சி என்பார்கள், சமூகநீதி என்பார்கள். எட்டடிக் கடையில் நின்று என் அக்கா கேட்ட கேள்விக்கு மட்டும் இன்றுவரை எந்த அறிக்கையிலும் பதிலில்லை. இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டாமா? வேண்டும்! கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும்! உன் கையால் கொடு, உன் பையிலிருந்து கொடு, கொடுத்துவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டாமல் இரு! அடுத்தவன் பையில் கை விட்டு அள்ளிக் கொடுப்பவனுக்கு வள்ளல் என்று பட்டம் கொடுத்தால், ஊரில் பிக்பாக்கெட்காரன் எல்லோரும் வள்ளல்தான்!

சரி தலைவரே, இந்த முறை மணி நியாயமான மணி, முடிக்கிறேன். அன்று அந்த மடித்த சட்டையை வாங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக அக்கா கையில் காசு வைத்தேன். வேண்டாம் என்பாள், கண் கலங்குவாள், தம்பி என்று தலையைத் தடவுவாள் என்று எதிர்பார்த்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "இஸ்திரிக்குத் தனிடா" என்றாள்.

கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பையைப் பிடித்துக்கொண்டே சிரித்த தாய்மார்களுக்கும், கால் வலிக்க நின்ற சுவரோரத்துச் சொந்தங்களுக்கும், என்னைப் பேசவிட்டுத் தவித்த தலைவருக்கும் என் நன்றி. நாளைக் காலை உங்கள் கடைகள் எல்லாம் நேரத்துக்குத் திறக்கட்டும். வணக்கம்.